லிங்க்ட்இன் கணக்கு இருந்தும் அழைப்பு வரவில்லையா? பத்தாங் காலி வட்டார வேலை தேடுவோருக்கான வழிகாட்டி

பத்தாங் காலி, ராசா, கெர்லிங், புக்கிட் பெருந்தோங், செரண்டா என்று உலு சிலாங்கூரின் எந்தக் குடியிருப்புக்குப் போனாலும், கையில் பட்டமோ டிப்ளோமாவோ எஸ்.கே.எம். சான்றிதழோ வைத்துக்கொண்டு அதற்குப் பொருந்தாத வேலையில் இருக்கும் பிள்ளைகளைப் பார்க்கலாம். கணக்கியல் படித்தவர் பேரங்காடிக் கல்லாப்பெட்டியில் நிற்கிறார். மின்னியல் டிப்ளோமா முடித்தவர் பொட்டலம் விநியோகிக்கிறார். இது இந்த வட்டாரத்துக்கு மட்டும் உரிய குறையன்று. உயர்கல்வி முடித்து வேலையில் இருக்கும் மலேசியர்களில் மூன்றில் ஒரு பங்குக்கும் மேற்பட்டோர் தங்கள் கல்வித் தகுதிக்குக் கீழான வேலையில் இருப்பதாகப் புள்ளிவிவரத் துறையின் அறிக்கைகளே காட்டுகின்றன.

இவர்களில் பலருக்கு லிங்க்ட்இன் கணக்கு உண்டு. இறுதியாண்டில் விரிவுரையாளர் சொன்னார் என்பதற்காகத் திறந்தது. பெயர், ஒரு படம், பல்கலைக்கழகத்தின் பெயர், அதோடு சரி. ஓராண்டு கழித்துத் திறந்து பார்த்தால் ஆட்சேர்ப்பு அதிகாரி ஒருவர்கூட எட்டிப் பார்த்திருக்க மாட்டார். "நமக்கெல்லாம் இது ஒத்து வராது" என்று விட்டுவிடுகிறார்கள். உண்மையில், அந்தப் பக்கத்தை யாரும் பார்த்துவிட்டு ஒதுக்கவில்லை. தேடலில் அது வரவே இல்லை. இரண்டும் வேறு வேறு. பார்த்து ஒதுக்கப்படுவதற்குத் தகுதியைக் கூட்ட வேண்டும். தேடலில் வராமல் போவதற்குச் சொற்களை மாற்றினால் போதும்.

லிங்க்ட்இன் 2003 மே மாதம் அமெரிக்காவில் தொடங்கப்பட்டது. 2016-இல் மைக்ரோசாஃப்ட் நிறுவனம் அதை 26.2 பில்லியன் அமெரிக்க டாலருக்கு வாங்கியது. முகநூலைப் போலக் கணக்குத் திறப்பது இலவசம். மலாய் மொழியிலும் பயன்படுத்தலாம். அதன் வருமானத்தில் பெரும்பங்கு, ஆள் தேடும் நிறுவனங்கள் கட்டும் கட்டணத்திலிருந்து வருகிறது. அந்த நிறுவனங்களின் அதிகாரிகளுக்கென்று தனியான தேடல் கருவி ஒன்று இருக்கிறது. அவர்கள் அதில் எப்படித் தேடுகிறார்கள் என்பது தெரிந்தால் நம் பக்கத்தை எப்படி எழுத வேண்டும் என்பது தானாகப் புரியும்.

அவர்கள் எப்படித் தேடுகிறார்கள்

கோலாலம்பூரிலோ ஷா ஆலாமிலோ உட்கார்ந்திருக்கும் ஆட்சேர்ப்பு அதிகாரியின் கையில் ஒரு பதவிக்கான விவரம் இருக்கும். அவர் தேடல் கருவியில் பதவிப் பெயர், இடம், திறன்கள், அனுபவ ஆண்டுகள், துறை, படித்த நிறுவனம் ஆகியவற்றைக் கொடுப்பார். நூற்றுக்கணக்கான பெயர்கள் வரும். அதில் முதல் இரண்டு மூன்று பக்கங்களைத்தான் பார்ப்பார். வேலை மாற விருப்பம் தெரிவித்தவர்கள், ஏற்கெனவே அந்த நிறுவனத்தில் உள்ளவர்களோடு தொடர்பு உடையவர்கள், அந்த நிறுவனத்துக்கு முன்பு விண்ணப்பித்தவர்கள் என்று மேலும் வடிகட்டிப் பார்க்கவும் அதில் வசதி உண்டு.

ஆக, அதிகாரி தட்டச்சு செய்யும் சொல் நம் பக்கத்தில் இருக்க வேண்டும். "கடின உழைப்பாளி, புதியதைக் கற்றுக்கொள்ள ஆர்வம் உள்ளவர்" என்பன போன்ற வரிகளால் இங்கே பயனில்லை. கடின உழைப்பாளி என்று போட்டு யாரும் ஆள் தேடுவதில்லை.

எந்தச் சொல்லைப் போடுவது என்று மண்டையை உடைத்துக்கொள்ளத் தேவையில்லை. தாம் விரும்பும் வேலைக்கான விளம்பரங்கள் பத்தை எடுத்து வைத்துக்கொண்டு, அவற்றில் திரும்பத் திரும்ப வரும் சொற்களை ஒரு தாளில் குறித்தால் போதும். பத்தில் ஏழு விளம்பரத்தில் ஒரு கணக்கியல் மென்பொருளின் பெயர் வருகிறது, அது தமக்குத் தெரியும் என்றால், அந்தப் பெயர் பக்கத்தில் இருந்தாக வேண்டும். தெரியாது என்றால் போடக்கூடாது. நேர்முகத் தேர்வில் முதல் கேள்வியே அதுவாக இருக்கும்.

இந்த வட்டாரத்தில் அப்படி விளம்பரம் தேடிப் பார்க்க வேண்டிய இடங்கள் குறைவில்லை. சுங்கை சோவில் பெரோடுவா ஆலை, தஞ்சோங் மாலிமில் புரோட்டோன் ஆலை, அவற்றைச் சார்ந்த உதிரிபாகத் தொழிற்சாலைகள், செரண்டாவில் ரோல்ஸ் ராய்ஸ் விமான எஞ்சின்களுக்கு விசிறி உறை செய்யும் யு.எம்.டபிள்யூ. ஏரோஸ்பேஸ், மலையேறினால் கெந்திங்கின் தங்கும் விடுதிகள். இந்த நிறுவனங்களின் லிங்க்ட்இன் பக்கங்களைப் பின்தொடர்ந்தால் வேலை அறிவிப்பு வரும்போது தெரியவரும்.

பெயருக்குக் கீழே உள்ள அந்த ஒரு வரி

பெயருக்கு அடியில் வரும் தலைப்பு வரிக்கு 220 எழுத்துவரை இடம் உண்டு. தேடல் முடிவில் படம், பெயர், இந்த வரி ஆகியவைதான் முதலில் கண்ணில் படும். பெரும்பாலோர் இதை வீணாக்குகிறார்கள். "மாணவர்" என்று இருக்கும், பட்டம் வாங்கி ஈராண்டு ஆகியும். அல்லது "வேலை தேடுகிறேன், வாய்ப்புக் கொடுங்கள்" என்று இருக்கும். இரக்கத்தைத் தூண்டும் வரிக்கு முகநூலில் ஆதரவு கிடைக்கலாம். இங்கே அது தேடலில் விழாது.

கணக்கியல் டிப்ளோமா முடித்து ரவாங்கில் ஒரு கடையில் பகுதி நேரமாகக் கணக்கு எழுதும் ஒருவர், "அக்கவுண்ட்ஸ் அசிஸ்டன்ட், கணக்கியல் டிப்ளோமா, மாதாந்தரக் கணக்கு முடிப்பு, எஸ்.எஸ்.டி. வரிப் பதிவு, தமிழ், மலாய், ஆங்கிலம்" என்ற பொருளில் ஆங்கிலத்தில் எழுதலாம். அவர் செய்யும் வேலையே அதுதான். பதவிப் பெயர் முதலில் வர வேண்டும். கைப்பேசித் திரையில் வரியின் பிற்பகுதி வெட்டுப்படும்.

"என்னைப் பற்றி" என்ற பகுதியில் 2,600 எழுத்துவரை எழுதலாம். ஆனால் "மேலும் காண்க" என்பதை அழுத்தாமல் தெரிவது முதல் இரண்டு மூன்று வரிதான். என்ன வேலை தெரியும், எவ்வளவு காலமாகத் தெரியும், எந்தப் பகுதியில் வேலை செய்யத் தயார் ஆகிய மூன்றும் அங்கேயே முடிந்துவிட வேண்டும். குடும்பப் பின்னணி, தோட்டத்தில் பிறந்து வளர்ந்து முன்னேறிய கதை எல்லாம் அதற்குப் பிறகு வரலாம். அதில் தவறில்லை. அந்தக் கதையைப் படித்து மதிக்கும் அதிகாரிகளும் இருக்கிறார்கள். ஆனால் தேடலில் கண்டுபிடிக்கப்பட்ட பிறகுதான் கதை படிக்கப்படும்.

தோட்ட வேலையும் அனுபவம்தான்

இந்த வட்டாரத்தில் அதிகம் விடுபடுவது இதுதான். மேரி, நைகல் கார்ட்னர், சுங்கை திங்கி, மின்ஞாக், புக்கிட் தாகார் என்று நீளும் தோட்டங்களிலும், கோல சிலாங்கூர், பெஸ்தாரி ஜெயா பக்கத்துச் செம்பனைத் தோட்டங்களிலும் வேலை பார்த்தவர்கள் அந்த ஆண்டுகளைப் பக்கத்தில் போடுவதே இல்லை. வெட்கம் ஒரு காரணம். எப்படி எழுதுவது என்று தெரியாதது இன்னொரு காரணம்.

தோட்ட அலுவலகத்தில் கிராணியாக இருந்தவர் செய்தது என்ன? செக்ரோல் பார்த்து நூறு இருநூறு பேருக்குச் சம்பளம் கணக்கிட்டிருக்கிறார். இ.பி.எஃப்., சொக்சோ சந்தாவைக் கட்டியிருக்கிறார். உரம், மருந்து இருப்புக் கணக்கு வைத்திருக்கிறார். நகரத்து நிறுவனத்தில் இதற்குப் பேரோல் எக்சிகியூட்டிவ், அட்மின் அசிஸ்டன்ட், ஸ்டோர் கீப்பர் என்று மூன்று பதவிப் பெயர் இருக்கிறது. பதவிப் பெயரைத் திரித்து எழுதக் கூடாது. தோட்டத்தில் என்ன பதவியோ அதையே எழுதிவிட்டு, அதன் கீழே செய்த வேலையை நகரத்துக்குத் தெரிந்த சொல்லால் விவரித்தால் தேடலில் வரும், பொய்யும் ஆகாது.

மண்டோர் வேலையும் அப்படியே. எத்தனை பேரை மேற்பார்த்தார், எத்தனை ஹெக்டர், மாதம் எத்தனை டன் பழக்குலை என்று எண்ணோடு எழுதினால் அது ஒரு மேற்பார்வையாளரின் அனுபவம். 2020 ஜனவரி முதல் நாட்டின் செம்பனைத் தோட்டங்களுக்கு எம்.எஸ்.பி.ஓ. சான்றிதழ் கட்டாயமாக்கப்பட்டது. அதன் தணிக்கைக்காகப் பதிவேடு தயாரித்துக் கொடுத்தவர்கள் தோட்ட அலுவலகங்களில் பலர் இருப்பார்கள். அந்தப் பெயர் ஒரு பக்கத்தில் இருந்தால், தோட்ட நிறுவனங்களும் உணவுத் தொழிற்சாலைகளும் அதைத் தேடி வரும் வாய்ப்பு உண்டு.

தொழில்நுட்பச் சான்றிதழ் வைத்திருப்போர் நிலை இன்னும் சுலபம், ஏனென்றால் தேடும் சொல் மிகத் துல்லியமானது. எரிசக்தி ஆணையத்தின் தகுதிச் சான்று பெற்ற சார்ஜ்மேன் வேண்டும் என்றால் அதிகாரி அந்தச் சொல்லோடு ஏ0, ஏ4, பி0 போன்ற வகையையும் சேர்த்தே தேடுவார். "எலெக்ட்ரிக்கல் வேலை தெரியும்" என்று எழுதியவர் அந்தப் பட்டியலில் வரமாட்டார். மும்முனை வயரிங்குக்கான பிடபிள்யூ4, ஆலைக் கொதிகலன் இயக்குநருக்கான தரம், பாதுகாப்பு அதிகாரியின் பச்சைப் புத்தகம், கட்டுமானத் தளத்துக்கான சி.ஐ.டி.பி. அட்டை, ஃபோர்க்லிஃப்ட் பயிற்சி, எஸ்.கே.எம். எத்தனையாவது நிலை என்பவற்றைச் சான்றிதழில் உள்ளபடியே எழுத வேண்டும். அதற்கென்று உரிமங்கள், சான்றிதழ்கள் என்ற தனிப் பகுதி இருக்கிறது. சான்றிதழைப் படம் பிடித்துப் போடும்போது அடையாள அட்டை எண்ணை மறைத்துவிட வேண்டும். எஸ்.பி.எம். முடிவுத் தாளை அப்படியே ஏற்றி, அட்டை எண்ணை ஊருக்கே காட்டும் வழக்கம் இன்னும் நிற்கவில்லை.

பெயரும் அதன் எழுத்தும்

லிங்க்ட்இன் முதற்பெயர், குடும்பப் பெயர் என்று இரண்டு கட்டம் கேட்கும். நமக்குக் குடும்பப் பெயர் கிடையாது. தம் பெயரை முதல் கட்டத்திலும், தந்தை பெயரை இரண்டாம் கட்டத்திலும் போட்டு, நடுவில் உள்ள ஏ/எல், ஏ/பி என்பதை விட்டுவிடுவது நடைமுறைக்கு ஏற்றது. சாய்கோடு சில தேடல்களிலும் விண்ணப்பப் படிவங்களிலும் தொல்லை கொடுக்கும்.

எழுத்துக் கூட்டல்தான் முக்கியம். நம் பெயர்களைப் பதிவு அலுவலகத்தில் யார் எப்படி எழுதினார்களோ அப்படியே நின்றுவிட்டது. ஒரே லட்சுமி, அடையாள அட்டைகளில் லெட்சுமி என்றும் லெச்சுமி என்றும் பல வடிவங்களில் இருக்கிறார். அட்டையில் ஒன்று, பட்டச் சான்றிதழில் ஒன்று, லிங்க்ட்இன்-இல் அழகுக்காக இன்னொன்று என்று இருந்தால், விண்ணப்பத்தைப் பார்த்துவிட்டுப் பெயரைத் தேடும் அதிகாரிக்கு ஆள் கிடைக்கமாட்டார். அட்டையில் உள்ளதே எல்லா இடத்திலும் இருக்கட்டும். பெயரை எப்படி உச்சரிப்பது என்று பத்து விநாடிக்குள் பேசிப் பதிவு செய்யும் வசதி கைப்பேசிச் செயலியில் உண்டு. நம் பெயர்களைக் கடித்துக் குதறும் அழைப்புகளைக் கேட்டவர்களுக்கு இதன் பயன் தெரியும்.

பெயர் பற்றிப் பேசும்போது கசப்பான ஒன்றையும் சொல்லாமல் விட முடியாது. லீ ஹ்வோக் ஆவுன், முகமட் அப்துல் காலிட் என்ற இரு மலேசிய ஆய்வாளர்கள் பொறியியல், கணக்கியல் துறைப் புதிய பட்டதாரிகளின் பெயரில் கற்பனை விண்ணப்பங்களைத் தனியார் நிறுவனங்களுக்கு அனுப்பி, 2013-இல் முடிவை வெளியிட்டனர். சீனப் பெயர் கொண்ட விண்ணப்பங்களுக்கு, மலாய்ப் பெயர் கொண்டவற்றைவிட மிக அதிகமான நேர்முக அழைப்புகள் வந்தன. இந்தியப் பெயர்கள் அந்த ஆய்வில் சேர்க்கப்படவில்லை. நம் நிலை என்னவாக இருந்திருக்கும் என்று ஊகிக்க எவருக்கும் நேரம் பிடிக்காது. மண்டரின் தெரிந்திருக்க வேண்டும் என்ற விளம்பர வரியும் எல்லோருக்கும் பழகியதுதான். லிங்க்ட்இன் இந்தப் பாகுபாட்டை நீக்கிவிடாது. படமும் பெயரும் முதலிலேயே தெரிவதால் சில இடங்களில் அது கூடவும் செய்யலாம். ஆனால் ஏ0 சார்ஜ்மேன் தேடும் ஆலைக்கு ஏ0 சார்ஜ்மேன்தான் வேண்டும். தேடலில் துல்லியமான தகுதி முன்னே வரும்போது பெயர் பார்த்து ஒதுக்கும் இடம் சற்றுக் குறைகிறது.

மொழிப் பகுதியில் தமிழை எழுதாமல் விடுவதும் வழக்கமாகிவிட்டது. ஆங்கிலம், மலாய் மட்டும் இருக்கும். வாடிக்கையாளர் சேவை, சமூக ஊடக உள்ளடக்க மேற்பார்வை, மொழிபெயர்ப்பு, மருத்துவமனை, காப்புறுதி, வங்கிக் கிளை என்று தமிழ் பேசத் தெரிந்தவரைத் தேடும் வேலைகள் கிள்ளான் பள்ளத்தாக்கில் உண்டு. தமிழ்ப்பள்ளியில் ஆறாண்டு படித்து, எஸ்.பி.எம்.-இல் தமிழும் எடுத்தவர், எழுதவும் படிக்கவும் தெரியும் என்ற நிலையைக் குறிப்பிட்டே போடலாம்.

படத்துக்குப் பெரிய செலவு வேண்டாம். வெளிச்சம் உள்ள இடத்தில், வெற்றுச் சுவர் முன்னால், முகம் தெளிவாகத் தெரிய எடுத்தால் போதும். திருமண வீட்டுப் படத்தில் பக்கத்தில் இருந்தவரின் தோள் தெரிய வெட்டியதும், கறுப்புக் கண்ணாடியும் வேண்டாம். பொட்டையோ திருநீற்றையோ அழித்துவிட்டுப் படம் எடுக்கச் சொல்லும் அறிவுரைகளைப் பொருட்படுத்த வேண்டியதில்லை.

இடம் என்ற வடிகட்டி

இருப்பிடம் பத்தாங் காலி என்று மட்டும் இருந்தால், பெட்டாலிங் ஜெயாவையோ கோலாலம்பூரையோ மையமாக வைத்துத் தேடுபவருக்கு நாம் தெரியாமல் போகலாம். தெரிந்தாலும் "இவ்வளவு தூரத்திலிருந்து தினமும் வருவாரா" என்ற தயக்கம் வரும். இதற்குப் பொய் முகவரி தேவையில்லை. "வேலைக்குத் தயார்" என்ற வசதியில் எந்தெந்த இடத்தில் வேலை செய்ய விருப்பம் என்று பல ஊர்களைச் சேர்க்கலாம். ரவாங், செரண்டா, தஞ்சோங் மாலிம், சுங்கை பூலோ, கோலாலம்பூர் என்று உண்மையில் போய் வரக்கூடிய ஊர்களைச் சேர்க்க வேண்டும்.

பத்தாங் காலி, ராசா, கோல குபு பாரு ஆகிய ஊர்களுக்கு ஒரு வசதி உண்டு. தஞ்சோங் மாலிம் – கிள்ளான் துறைமுகம் கொமுட்டர் தடத்தில் நிலையங்கள் இருப்பதால், ரவாங், சுங்கை பூலோ, கே.எல். சென்ட்ரல்வரை மாறாமல் போகலாம். அதை "என்னைப் பற்றி" பகுதியில் ஒரு வரியில் சொல்லிவிடுவது நல்லது. கோல சிலாங்கூர், பெஸ்தாரி ஜெயா, ஈஜோக் பக்கத்தவர்களுக்கு ரயில் இல்லை. அவர்கள் சொந்த வாகனம், உரிமம் பி2-வா டி-யா என்பதைக் குறிப்பிட்டால் ஆலை அதிகாரிகளின் முதல் கேள்விக்கு அங்கேயே பதில் கிடைத்துவிடும்.

"வேலைக்குத் தயார்" வசதியில் ஐந்து பதவிப் பெயர்வரை சேர்க்கலாம். அதை யாருக்குக் காட்டுவது என்று இரண்டு வழி உண்டு. ஆட்சேர்ப்பு அதிகாரிகளுக்கு மட்டும் என்பது ஒன்று. படத்தைச் சுற்றிப் பச்சை வளையத்தோடு எல்லோருக்கும் என்பது மற்றது. முதல் வழியைத் தேர்ந்தால், கட்டணம் கட்டி அந்தத் தேடல் கருவியை வைத்திருக்கும் நிறுவனங்களுக்கு மட்டுமே தெரியும். செரண்டாவில் முப்பது பேரோடு நடக்கும் ஒரு பட்டறையின் முதலாளியிடம் அந்தக் கருவி இருக்காது. ஆகவே வேலை இல்லாமல் இருப்பவர் பச்சை வளையம் போடுவதில் இழப்பு ஒன்றும் இல்லை. வேலையில் இருந்துகொண்டே தேடுபவருக்கு முதல் வழிதான் ஏற்றது. தற்போதைய நிறுவனத்தின் அதிகாரிகளுக்குத் தெரியாமல் வைக்க லிங்க்ட்இன் முயல்கிறது, ஆனால் முழு உத்தரவாதம் தருவதில்லை. பக்கத்தைத் திருத்தத் தொடங்கும் முன், மாற்றங்களைத் தொடர்பில் உள்ளவர்களுக்கு அறிவிக்கும் அமைப்பை அணைத்து வைப்பதும் அவசியம். இல்லாவிட்டால் மேலாளரின் கைப்பேசியில் முதல் அறிவிப்பு போய் நிற்கும்.

கங்காணி காலத்திலிருந்து புலனக் குழுவரை

தோட்டத்து மக்களுக்கு ஆள்வழியாக வேலை கிடைப்பது புதிதன்று. கங்காணி தம் ஊருக்குப் போய், தம் உறவிலும் ஊரிலும் ஆள் திரட்டி, தலைக்கு இவ்வளவு என்று தரகு வாங்கிக்கொண்டு மலாயாவுக்குக் கூட்டி வந்தார். 1938-இல் இந்திய அரசு உதவிபெற்ற தொழிலாளர் குடியேற்றத்துக்குத் தடை போடும்வரை அது நீடித்தது. அதன் பிறகும் அண்ணன் வேலை பார்க்கும் ஆலையில் தம்பி, மாமா சொன்ன இடத்தில் மருமகன் என்றே போகிறது. இன்று அது புலனக் குழுவில் வரும் "ஆள் தேவை" செய்தியாகியிருக்கிறது.

இந்த வழியின் குறை, எல்லோருக்கும் ஒரே செய்திதான் தெரியும் என்பது. அமெரிக்கச் சமூகவியலாளர் மார்க் கிரானோவெட்டர் 1973-இல் எழுதிய கட்டுரையில் இதைத்தான் சொன்னார். நெருங்கியவர்களுக்கு நமக்குத் தெரிந்ததே தெரியும், புதிய வேலைச் செய்தி ஓரளவு அறிமுகமானவர்களிடமிருந்து வருகிறது. லிங்க்ட்இன்-இல் இரண்டு கோடிப் பேரை வைத்து ஐந்தாண்டு நடந்த சோதனை இதைச் சரிபார்த்தது. கார்த்திக் ராஜ்குமார் முதலியோர் எழுதிய அந்த ஆய்வு 2022-இல் 'சயின்ஸ்' இதழில் வந்தது. மிக நெருக்கமும் இல்லாத, அறவே அந்நியமும் இல்லாத நடுத்தர அறிமுகங்களே வேலை மாற்றத்துக்கு அதிகம் உதவின. ஆனால் கணினி சார்ந்த துறைகளில்தான் இது வலுவாகத் தெரிந்தது. கணினிப் புழக்கம் குறைந்த துறைகளில் நெருங்கிய உறவே கூடுதலாக உதவியது. ஆகவே உற்பத்தி வரிசை இயக்குநர் வேலைக்கு மாமாவின் புலனக் குழுவை நம்புவதில் தவறில்லை. கணக்கியல், தகவல் தொழில்நுட்பம், மனித வளம், பொறியியல் என்று போகிறவர்களுக்குத்தான் அறிமுக வட்டத்தை விரிக்கும் தேவை அதிகம்.

அப்படிப்பட்ட அறிமுகங்கள் எங்கே கிடைப்பார்கள்? படித்த இடத்தில். தஞ்சோங் மாலிமின் சுல்தான் இட்ரிஸ் கல்வியியல் பல்கலைக்கழகம், பெஸ்தாரி ஜெயாவிலும் ஷா ஆலாமிலும் உள்ள யுனிசெல், சபாக் பெர்ணம் பக்கத்துச் சுல்தான் இட்ரிஸ் ஷா போலிடெக்னிக் என்று தாம் படித்த நிறுவனத்தின் லிங்க்ட்இன் பக்கத்தில் முன்னாள் மாணவர் என்ற பகுதி உண்டு. அவர்கள் எந்த நிறுவனத்தில், எந்த ஊரில், என்ன வேலையில் இருக்கிறார்கள் என்று வடிகட்டிப் பார்க்கலாம். கல்வி விவரத்தில் நிறுவனத்தின் பெயரைத் தாமாகத் தட்டச்சு செய்யாமல், பட்டியலில் வருவதைத் தேர்ந்தால்தான் இந்த இணைப்பு ஏற்படும். இரண்டாண்டு மூத்தவர் ஒருவர் தாம் விரும்பும் நிறுவனத்தில் இருந்தால், "அக்கா, நானும் அதே துறையில் படித்தேன், உங்கள் பிரிவில் எப்படி ஆள் எடுக்கிறார்கள் என்று கேட்கலாமா" என்று இரண்டு வரி எழுதலாம். எடுத்த எடுப்பில் "வேலை இருக்கிறதா" என்று கேட்டால் பதில் வருவது அரிது.

வருகிற அழைப்பெல்லாம் அழைப்பல்ல

பக்கம் அதிகாரிகளுக்குத் தெரியத் தொடங்கினால் மோசடிக்காரர்களுக்கும் தெரியும். 2022 முதல் கம்போடியா, மியன்மார் மோசடி முகாம்களிலிருந்து மீட்கப்பட்ட மலேசியர்களில் பலர் அதிகச் சம்பளம் என்ற இணைய விளம்பரத்தை நம்பிப் போனவர்கள். குறைந்தபட்சச் சம்பளம் 1,700 ரிங்கிட்டாக இருக்கும் நாட்டில், தட்டச்சு வேலைக்கு மாதம் ஆறாயிரம், விமான டிக்கெட்டும் இலவசம் என்று சொன்னால் அங்கேயே நிறுத்திக்கொள்ள வேண்டும்.

செய்தி அனுப்பியவரின் பக்கத்தில் "இந்தக் கணக்கைப் பற்றி" என்ற இடத்தை அழுத்தினால், எந்த மாதம், எந்த ஆண்டு சேர்ந்தார், எது சரிபார்க்கப்பட்டிருக்கிறது என்பது தெரியும். பத்தாண்டு அனுபவமுள்ள மனித வள மேலாளர் என்று சொல்பவர் போன மாதம்தான் கணக்குத் திறந்திருந்தால் சந்தேகப்படலாம். லிங்க்ட்இன்-இல் பேச்சைத் தொடங்கி உடனே டெலிகிராமுக்கு வரச் சொல்வது, நேர்முகத் தேர்வுக்கு முன்பே வங்கிக் கணக்கு எண்ணும் அடையாள அட்டைப் படமும் கேட்பது, பயிற்சிக் கட்டணம், சீருடை முன்பணம் கேட்பது ஆகியவை மோசடியின் வழக்கமான அறிகுறிகள். தனியார் வேலை வாய்ப்பு முகவர்கள் 1981-ஆம் ஆண்டுச் சட்டத்தின் (சட்டம் 246) கீழ் உரிமம் பெற்றிருக்க வேண்டும். உரிம எண்ணைக் கேட்டு ஆள்பலத் துறையிடம் உறுதிசெய்துகொள்ளலாம். பணம் அனுப்பச் சொன்ன கணக்கைப் போலீஸின் 'செமாக் மியூல்' தளத்தில் சோதிக்கலாம். பணம் போய்விட்டது என்றால் ஒரு மணி நேரமும் தாமதிக்காமல் தேசிய மோசடி எதிர்வினை மையத்தின் 997 எண்ணை அழைக்க வேண்டும்.

பெண்களுக்கு வேறொரு தொல்லையும் வருகிறது. வேலை பற்றித் தொடங்கி, சொந்த விவரங்களுக்குத் தாவும் செய்திகள். கைப்பேசி எண்ணையும் வீட்டு முகவரியையும் பக்கத்தில் போடாமல் இருப்பது முதல் தடுப்பு. தொழிலுக்கான மின்னஞ்சல் ஒன்று போதும். தொல்லை தருபவரை முடக்கிப் புகார் செய்ய அதே பக்கத்தில் வழி உண்டு. பதில் எழுதி விளக்கிக்கொண்டிருக்க வேண்டியதில்லை.

எதற்கு இது உதவாது

அரசாங்க வேலைக்குப் பொதுச் சேவை ஆணையத்தின் எஸ்.பி.ஏ. தளம்தான் வழி. ஆலை இயக்குநர், கடை உதவியாளர், கிடங்கு வேலைகளுக்கு 1997-இல் மலேசியாவில் தொடங்கிய ஜோப்ஸ்ட்ரீட்டும், சொக்சோவின் மைஃபியூச்சர்ஜோப்ஸும் கூடுதலாகப் பயன்படும். வேலை இழந்தவர்கள் சொக்சோவை மறக்கக்கூடாது. வேலை காப்புறுதித் திட்டத்தில் சந்தா கட்டியிருந்தால், வேலை தேடும் காலத்துக்கு உதவித்தொகையும் பயிற்சியும் கிடைக்கும். 2018 ஜனவரியிலிருந்தே இருக்கும் திட்டம் இது. ஆலை மூடப்பட்டு வெளியே வந்த பலர் விண்ணப்பிக்காமலேயே விட்டுவிடுகிறார்கள். வேலை போன நாளிலிருந்து 60 நாளுக்குள் விண்ணப்பிக்க வேண்டும்.

லிங்க்ட்இன்-இன் கட்டணச் சேவையை வாங்கச் சொல்லி அடிக்கடி நினைவூட்டல் வரும். மேலே சொன்ன எதற்கும் அது தேவையில்லை. மாதக் கட்டணத்தைக் கொமுட்டர் செலவுக்கு வைத்துக்கொள்ளலாம்.

பக்கத்தைத் திருத்தியது பலித்ததா என்று பார்க்க ஓர் இடம் உண்டு. சொந்தப் பக்கத்தின் கீழ் "தேடலில் தோன்றியது" என்ற எண்ணிக்கை வாரா வாரம் மாறும். அதை அழுத்தினால், எந்த நிறுவனத்தில் உள்ளவர்கள் தேடினார்கள், எந்தப் பதவிப் பெயருக்காக நம் பக்கம் வந்தது என்பன போன்ற விவரங்கள் கிடைக்கும். திருத்துவதற்கு முன் அந்த எண்ணைக் குறித்து வைத்துக்கொண்டு, நான்கு வாரம் கழித்து மீண்டும் பார்க்க வேண்டும். எண் கூடியும் அழைப்பு வரவில்லை என்றால் படம், தலைப்பு வரி, முதல் மூன்று வரிகளில் குறை. எண்ணே கூடவில்லை என்றால் பதவிப் பெயரும் திறன் சொற்களும் விளம்பரத்தோடு பொருந்தவில்லை. இன்னமும் "மாணவர்" என்ற பெயரில்தான் தோன்றுகிறது என்றால், தலைப்பு வரியைச் சேமிக்கும் பொத்தானை அழுத்தாமல் வெளியே வந்திருக்கவும் கூடும்.